பிரெஞ்சு இந்தியா: தாமலச்செருவு முதல் கீழூர் வரை

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடகரையில், மொராக்கோ நாட்டை ஒட்டி, சியூட்டா, மெலில்லா என்னும் இரண்டு சிறு துறைமுக நகரங்கள் உள்ளன. சியூட்டாவின் பரப்பு 18.5 சதுர கிலோமீட்டர். மெலில்லாவின் பரப்பு 12 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நிலத்தால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இவை, ஆட்சியால் ஐரோப்பாவிலுள்ள ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தவை. சியூட்டாவை 1415இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றினர். பின்னர் அது ஸ்பானியர் கைக்கு மாறியது. மெலில்லா 1497 முதல் ஸ்பானியர் வசம் உள்ளது. 1956இல் மொராக்கோ விடுதலை பெற்றபோதும் இவ்விரு நகரங்களும் பழைய ஆட்சியிலேயே நின்றுவிட்டன. அவை தன்னுடையவை என்று மொராக்கோ இன்றளவும் கேட்டு வருகிறது. உயரமான வேலிகள் அந்நகரங்களைச் சுற்றி எழுந்துள்ளன. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே மண். ஆயினும் இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள்.

இச்செய்தி நமக்குப் புதுமையாகத் தோன்ற வேண்டுவதில்லை. நம் நாட்டுக் கடலோரங்களிலும் இத்தகைய நிலங்கள் பல இருந்தன. தரங்கம்பாடியை டேனிஷ்காரர் வைத்திருந்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். கோவாவைப் போர்த்துக்கீசியர் 1961 வரை வைத்திருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையே, தமிழராகிய நமக்கு மிக நெருங்கியவை பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஐந்து நிலங்கள். தமிழ் வழங்கும் புதுச்சேரியும் காரைக்காலும், தெலுங்கு வழங்கும் ஏனாமும், மலையாளம் வழங்கும் மாஹேயும், வங்காளம் வழங்கும் சந்திரநாகூரும் ஆகிய இவை சேர்ந்ததே பிரெஞ்சு இந்தியா எனப்பட்டது. இவ்வளவு சிறிய நிலங்கள் பெரியதோர் ஆங்கில சாம்ராஜ்யத்தின் நடுவே எவ்வாறு நிலைத்தன? எவ்வாறு முடிவுற்றன? முடிவுறும்போது அங்கு வாழ்ந்த மக்களின் விருப்பம் கேட்கப்பட்டதா? இம்மூன்று கேள்விகளையும் ஆராய்வதே நம் நோக்கம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர், “புதுச்சேரி கடலோரத்தில் உள்ளது, நாமோ மலையடிவாரத்தில் இருக்கிறோம். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அச்சிறு நிலங்களின் வரலாற்றோடு பிணைந்த இரண்டு பெரிய மரணங்கள் இந்தச் சித்தூர்ச் சீமையிலேயே நிகழ்ந்தன. ஒன்று ஆர்க்காட்டு நவாபின் மரணம். மற்றொன்று மைசூர் வேந்தரின் மரணம்.

முதலில் தொடக்கத்தைச் சிறிது காண்போம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல், பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் என்பவரின் முயற்சியால் நிறுவப்பட்டது. 1668இல் சூரத்திலும் 1669இல் மசூலிப்பட்டணத்திலும் அதன் பண்டகசாலைகள் தோன்றின. பீஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்டுவந்த ஷேர்கான் லோடி அளித்த இடத்தில், பிரான்சுவா மார்த்தேன் என்பவர் 1674இல் புதுச்சேரிக் குடியேற்றத்தை அமைத்தார். 1693இல் டச்சுக்காரர் அதனைப் பிடித்துக்கொண்டனர். 1697ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கைப்படி பின்னர் திருப்பித் தந்தனர். பின்னர் மாஹே 1721இலும், ஏனாம் 1723இலும், காரைக்கால் 1739இலும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. இவற்றுள் எதுவும் பெரும்போரில் வென்ற நாடு அன்று. உள்நாட்டு அரசர் ஒருவரிடம் கேட்டோ, விலை கொடுத்தோ, அவர்களுடைய சச்சரவில் ஒரு பக்கம் நின்றோ பெற்ற சிறு துண்டுகளே அவை.

இனிச் சித்தூர்ச் சீமைக்கு வருவோம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, பாகாலாவுக்கு அருகில், தாமலச்செருவு என்னும் ஊர் உள்ளது. மாம்பழச் சந்தைக்கு அது இன்று பெயர் பெற்றது. கோடைக் காலத்தில் அங்கே வண்டி வண்டியாகக் குவியும் பழங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்த ஊரின் கணவாய், மேட்டு நிலத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் வாயில்களுள் ஒன்று. 1740ஆம் ஆண்டு மே மாதத்தில், மாம்பழம் பழுக்கும் அதே பருவத்தில், அங்கே ஒரு போர் நிகழ்ந்தது.

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் தோஸ்த் அலி. அவருடைய மருமகன் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றி, தஞ்சை மராட்டிய மன்னரையும் நெருக்கி வந்தார். சதாராவிலிருந்து ரகுஜி போன்ஸ்லேயின் தலைமையில் பெரியதொரு மராட்டியப் படை தெற்கு நோக்கிப் புறப்பட்டது. தோஸ்த் அலி தம்மிடம் இருந்த சிறு படையுடன் தாமலச்செருவுக் கணவாயைக் காத்து நின்றார். மராட்டியரோ அவர் எதிர்பார்த்த வழியாக வரவில்லை. வேறு பாதையில் சுற்றி வந்து, பின்புறமாகத் தாக்கினர். நவாபும் அவருடைய மகன் ஒருவரும் களத்தில் மாண்டனர். ஒரே நாளில் ஆர்க்காடு தலைவனின்றித் தவித்தது.

நவாபின் மனைவியும் குடும்பத்தாரும் உயிரையும் பொருளையும் காத்துக்கொள்ள ஓர் அடைக்கலம் தேடினர். ஆர்க்காட்டுக் கோட்டையையும் வேலூர்க் கோட்டையையும் விட, கடலோரத்துப் பிரெஞ்சு நகரமே பாதுகாப்பானது என்று அவர்களுக்குத் தோன்றியது. அப்போது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் துமா. வாயிலைத் திறந்தால் மராட்டியர் பகை நேரும். திறவாவிட்டால் ஆர்க்காட்டின் நட்பு போகும். துமா ஆலோசனை சபையைக் கூட்டி, வாயிலைத் திறப்பதென்றே முடிவு செய்தார். யானைகளும் குதிரைகளும் சூழ நவாபின் குடும்பம் நகருக்குள் நுழைந்தது. சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அங்கேயே அடைக்கலம் புகுந்தனர்.

அவர்களையும் அவர்களுடைய செல்வத்தையும் ஒப்படைக்குமாறு ரகுஜி வற்புறுத்தினார். துமா இணங்கவில்லை. தூது வந்த மராட்டிய அதிகாரிக்கு நகரின் அரண்களையும் பீரங்கிகளையும் காட்டி அனுப்பினார். அந்தத் தூதருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பிரெஞ்சு மதுபானம் ரகுஜியின் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போனதென்றும், மேலும் சில புட்டிகளை வேண்டியே மராட்டியர் சினம் தணிந்தனர் என்றும் சரித்திர ஆசிரியர்கள் சுவையாக எழுதுவர். கதை எவ்வாறாயினும், முற்றுகை நேரவில்லை. டில்லிப் பாதுஷா துமாவுக்கு நவாப் பட்டம் வழங்கினார். கடலோர வணிகர் ஒருவர் இவ்வாறு உள்நாட்டுப் பிரபுக்களுள் ஒருவராக ஆனார். அவருக்குப்பின் 1742இல் கவர்னரான டூப்ளே அந்தப் பட்டத்தையும் அதனால் விளைந்த மதிப்பையும் நன்கு பயன்படுத்திக்கொண்டார்.

அடைக்கலம் அளித்ததன் பலன் ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 1741இல் மராட்டியரிடம் சிறைப்பட்ட சந்தா சாகிப் 1748இல் விடுதலை பெற்றார். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில், பிரெஞ்சுப் படையின் துணையோடு, நவாப் அன்வருத்தீனை வென்றார். அன்வருத்தீன் போரில் இறந்தார். மனைவியையும் மகனையும் காத்த நகருக்கு நன்றி செலுத்தும் வகையில் சந்தா சாகிப் வில்லியனூர்ப் பகுதியின் கிராமங்களை அளித்தார். பாகூர்ப் பகுதியும் அக்காலத்திலேயே வந்து சேர்ந்தது. இன்று புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தால், ஒரே துண்டாக இல்லாமல், தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையிடையே பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதைக் காணலாம். ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மீண்டும் புதுச்சேரி என்று பேருந்தில் செல்வோர் வியப்பர். இந்தச் சிதறலுக்குக் காரணம், நவாபுகள் கிராமம் கிராமமாக அளித்த மானியங்களே. தாமலச்செருவில் விழுந்த ஒரு நவாபின் குடும்பத்துக்குக் கிடைத்த அடைக்கலமும் அந்த வரைபடத்தில் பதிந்திருக்கிறது.

இக்காலத்து நிகழ்ச்சிகளை நாள்தோறும் தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேயின் துபாஷியாக, அதாவது இருமொழி அறிந்த காரியஸ்தராக, அவர் விளங்கினார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, அரசியலோடு சந்தை நிலவரத்தையும் கப்பல் வரவையும் வீட்டு விசேஷங்களையும் சொல்கிறது. அந்நிய ஆட்சியின் உள்வீட்டை உள்ளிருந்தே கண்டு தமிழில் எழுதிய சான்று அது. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில், வீழ்ச்சிக்குச் சில நாள் முன்னதாக, அவர் காலமானார்.

1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் லாலியின் படையை அயர் கூட் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர் அதன் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். அத்தோடு பிரெஞ்சு இந்தியா முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி நகரம் திருப்பித் தரப்பட்டது. 1778இல் மீண்டும் பறிபோனது. 1785இல் திரும்பி வந்தது. 1793இல் மூன்றாம் முறையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1816இல் இறுதியாகத் திரும்பியது. ஐரோப்பாவில் சண்டை மூண்டால் புதுச்சேரியில் கொடி மாறும். அங்கே சமாதானம் ஆனால் இங்கே பழைய கொடி ஏறும். அவ்வூர் நெசவாளரையோ உழவரையோ எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

சித்தூர்ச் சீமையின் இரண்டாவது மரணம் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1779இல் ஆங்கிலேயர் மலையாளக் கரையிலுள்ள மாஹேயைப் பிடித்தனர். மாஹே ஒன்பது சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள ஊர். ஆனால் மைசூர் வேந்தர் ஹைதர் அலிக்குப் பிரெஞ்சுப் படைக்கலங்கள் வந்திறங்கும் துறை அதுவே. அது தம் பாதுகாப்பில் உள்ளதென்று அவர் எச்சரித்தும் ஆங்கிலேயர் கேட்கவில்லை. 1780இல் ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். இரண்டாம் மைசூர்ப் போரின் காரணங்களுள் மாஹேயின் வீழ்ச்சி முக்கியமானது. 1782 ஜூலையில் கடலூரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன், ஹைதர் அலியைக் கண்டு பேசினார். ஆனால் அந்த நட்பு முற்றும் பயன் தருமுன், 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி நோயால் உயிர் நீத்தார். மகன் திப்பு வந்து சேரும்வரை அம்மரணச் செய்தி மறைத்து வைக்கப்பட்டது. ஒரு சிறு துறைமுகத்தின் பொருட்டு மூண்ட போர் எத்தனை தொலைவு எட்டுகிறது என்பதற்கு நம் ஊர்ப்புறத்து அந்தப் பேட்டை ஒரு சான்றாகும்.

1814ஆம் ஆண்டு உடன்படிக்கை பிரெஞ்சுக்காரருக்கு நிலத்தைத் தந்தது, வலிமையைத் தரவில்லை. கோட்டை கட்டக் கூடாது. ஊர்க்காவலுக்கு வேண்டிய படைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பவை அதன் விதிகள். உப்பு வாணிகத்தையும் ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை. 1815ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, உள்ளூர்த் தேவைக்கு மேற்பட்ட உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலக் கம்பெனிக்கே உரியதாயிற்று. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுப்பதென்று ஏற்பாடு. நம் முதற் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. அச்சிறு நிலங்கள் தம் பலத்தால் நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் பிரான்சோடு நட்புக் கொள்வதற்கு இது குறைந்த விலை என்று ஆங்கிலேயர் கருதியதாலேயே நிலைத்தன.

வலிமை போன பின்னும் அந்த நிலங்களுக்கு ஒரு பயன் எஞ்சியிருந்தது. எல்லைக்கு அப்பால் வேறு சட்டம் என்பதே அது. 1740இல் நவாபின் குடும்பம் எதை நாடி வந்ததோ, அதையே 1908இல் சுப்பிரமணிய பாரதியாரும் நாடி வந்தார். ஆங்கிலேயர் சிறைப்பிடிக்க முயன்றபோது அவர் புதுச்சேரிக்குச் சென்று, ‘இந்தியா’ வார இதழை அங்கிருந்து நடத்தினார். 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவுடனே கடலூருக்கு அருகில் கைது செய்யப்பட்டார். சில கல் தொலைவுக்குள் ஒருவர் கவிஞராகவும் கைதியாகவும் இருக்கக்கூடிய நிலை அன்று இருந்தது.

எல்லையின் பயன் எப்போதும் உயர்ந்ததாகவே இருந்தது என்பதற்கில்லை. கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமைச் சுற்றி ஆந்திர மண்ணே உள்ளது. 1929இல் பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் ஆங்கில இந்தியாவில் நிறைவேறியபோது, அச்சட்டம் ஏனாமில் செல்லாது என்பதை அறிந்து, அண்டை ஊர்த் தெலுங்கு மக்கள் பலர் தம் குழந்தைகளை அழைத்துச் சென்று அங்கே மணமுடித்தனர். ஏனாமுக்குக் கல்யாணபுரம் என்று பெயர் வந்ததற்கு அதுவே காரணம் என்பர். கவிஞரைக் காத்த எல்லையே குழந்தை மணத்தையும் காத்தது. எல்லைக்குத் தனியே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கருதத் தக்கது.

பிரெஞ்சு ஆட்சி தன் குடிகளுக்குச் சில உரிமைகளை அளித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1871 முதல் பிரெஞ்சு இந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பி வந்தது. ஆங்கில இந்தியாவில் சாதாரணக் குடியானவன் வாக்குரிமையைக் கனவிலும் காணாத காலம் அது. ஆனால் அத்தேர்தல்கள் செல்வரின் கைப்பிடியில் நடந்தன. வன்முறையும் மோசடியும் அவற்றோடு கலந்தே இருந்தன. உழைப்பவர் குரல் எழுந்தபோது ஆட்சியின் கடுமை வெளிப்பட்டது. 1936 ஜூலை 30ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். வ. சுப்பையா முதலியோர் தலைமையில் நடந்த அப்போராட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. விடுதலை இயக்கத்துக்கு அத்தொழிலாளரே முதுகெலும்பாயினர்.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. மசூலிப்பட்டணம், சூரத், கோழிக்கோடு முதலிய ஊர்களில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த பழைய பண்டகசாலை மனைகள் அக்டோபரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. மசூலிப்பட்டணத்தில் பிரெஞ்சுப்பேட்டை என்னும் பெயர் மட்டும் நின்றது. ஐந்து பெரிய நிலங்களின் எதிர்காலத்தை மக்களிடமே கேட்பதென்று 1948 ஜூனில் இரு அரசாங்கங்களும் உடன்பட்டன. அதன்படி 1949 ஜூன் 19ஆம் நாள் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இணைய 7,463 பேரும், பிரான்சுடன் இருக்க 114 பேரும் வாக்களித்தனர். மறு ஆண்டே நிர்வாகம் மாறியது. 1954இல் அவ்வூர் மேற்கு வங்காளத்தோடு சேர்ந்தது.

தெற்கே இருந்த நான்கு நிலங்களில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. அமைதியான சூழ்நிலை இல்லை என்று இரு தரப்பும் மாறி மாறிக் கூறின. 1949இல் சுங்க உடன்பாடு முடிவுற்றது. ஊருக்கு ஊர் சோதனைச் சாவடிகள் எழுந்தன. வில்லியனூர் உழவர் தம் நெல்லை அடுத்த ஊருக்குக் கொண்டு செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. ஒரு வாய்க்காலின் இருகரையிலும் வயல் வைத்திருந்தவருக்கு இரண்டு நாட்டு அதிகாரிகள் வாய்த்தனர். 1954 மார்ச்சில் எதுவார் குபேர் முதலிய உள்ளூர்த் தலைவர்களே பிரெஞ்சுப் பக்கத்தை விட்டு இணைப்பின் பக்கம் வந்தனர். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசாங்கம் அமைந்தது. ஜூன் 13ஆம் நாள் ஏனாமும், ஜூலை 16ஆம் நாள் மாஹேயும் விடுவிக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் வியட்நாமில் தியன் பியன் பூ வீழ்ந்து, பிரான்ஸ் தன் குடியேற்றங்களைப் பற்றி மறுசிந்தனை செய்யத் தொடங்கியிருந்ததும் இதற்குத் துணையாயிற்று.

1954 அக்டோபர் 18ஆம் நாள், கீழூர் என்னும் சிற்றூரில் முடிவு ஏற்பட்டது. பிரதிநிதி சபை உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாக 178 பேர் அங்குக் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்குச் சார்பாகவும், 8 பேர் எதிராகவும் நின்றனர். கீழூர் அமைந்திருப்பது வில்லியனூர் வட்டாரத்தில். அதாவது, சந்தா சாகிப் நன்றிக் கடனாகக் கொடுத்த சீமையில். கிராமங்களை ஒரு நவாப் ஒரு கவர்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தபோது அவற்றின் குடிகளை எவரும் கேட்கவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில், அக்குடிகளின் பிரதிநிதிகள் கேட்கப்பட்டனர். சந்திரநாகூரைப் போல ஒவ்வொருவரும் வாக்களிக்கவில்லை என்ற குறை அதற்கு உண்டு. எனினும் கேட்கப்பட்டது என்பதே பெரிய மாறுதல்.

நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆயினும் சட்டப்படி உரிமை மாறுவதற்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம், அல்ஜீரியப் போர் முடிந்த 1962இல்தான் ஏற்றது. முதல் மாற்றத்தை ‘டி ஃபாக்டோ’ என்றும் இரண்டாவதை ‘டி ஜூரே’ என்றும் ஆவணங்கள் கூறும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இவற்றை ‘நடைமுறை மாற்றம்’, ‘சட்ட மாற்றம்’ என்று இரண்டு சொற்களில் எளிதாக எழுதிவிடுகிறோம். அவ்விரு சொற்களுக்கும் நடுவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கிடந்தன. அக்காலத்தில் புதுச்சேரியில் பிறந்த குழந்தை, நடைமுறையில் இந்தியாவில் வளர்ந்தது. சட்டத்தில் அது பிறந்த மண் பிரான்சுக்கு உரியதாகவே இருந்தது. சொல்லில் சிறியதாகத் தோன்றும் இடைவெளி வாழ்க்கையில் எத்துணைப் பெரியது!

அவ்வொப்பந்தத்தின் வாசகம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்நிலங்களின் தனி நிர்வாக நிலை தொடரும். அதில் அரசியலமைப்பு மாற்றம் செய்வதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்பது அதன் பொருள். அதனாலேயே நான்கு நிலங்களும் அண்டை மாநிலங்களோடு கலந்துவிடாமல், 1963 ஜூலை 1 முதல் ஒரே யூனியன் பிரதேசமாக நிற்கின்றன. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர். தலைநகரிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கும் ஏனாம் மக்கள், இன்றும் தம் சட்டமன்ற உறுப்பினரைப் புதுச்சேரிக்கே அனுப்புகின்றனர். 1979இல் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் யோசனை எழுந்தபோது புதுச்சேரி மக்கள் கிளர்ந்தெழுந்தனர், யோசனை கைவிடப்பட்டது. அந்நியர் கீறிய எல்லையே ஆனாலும், இரு நூற்றாண்டு வாழ்ந்த பழக்கத்தால் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட சில ஆயிரம் குடும்பத்தார் அங்கு உள்ளனர். ‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரர்கள் ஜூலை 14ஆம் நாளைக் கொண்டாடுகின்றனர். ஆகஸ்ட் 15ஆம் நாளும் அதே தெருக்களில் கொண்டாடப்படுகிறது.

இனி, நம் ஊர் எல்லைக்கு வருவோம். சித்தூர் மாவட்டம் 1911இல், வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. தமிழர் பலர் வாழ்ந்த பகுதிகளுக்காகக் கிளர்ச்சி எழுந்தது. படாஸ்கரின் தீர்ப்புக்கு இரு மாநிலங்களும் இசைந்தன. கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மையோர் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகக் கொண்டு அவர் எல்லை வகுத்தார். அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றன. சித்தூரும் திருப்பதியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இங்கு வாழும் தமிழர் எங்கும் குடிபெயரவில்லை; எல்லைதான் நகர்ந்தது.

இந்த எல்லையில் வேலி இல்லை, சுங்கச் சாவடி இல்லை, இரு நாட்டுச் சட்டமும் இல்லை. ஆகவே நம் நிலையைப் பழைய புதுச்சேரியோடு ஒப்பிட்டுக் குறைகூறுவது பொருந்தாது. ஆனால் ஓர் ஒப்புமை கருதத் தக்கது. கீழூரில் கேள்வி கையொலியாகவோ வாக்குச் சீட்டாகவோ வரும். பதில் உடனே தெரியும். இங்கே கேள்வி வேறு வடிவில் வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வரும் அலுவலர், “தாய்மொழி என்ன?” என்று கேட்கிறார். படாஸ்கர் கணக்கில் மக்கள் பேசும் மொழியே எல்லையை நிர்ணயித்தது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. அந்த வசதியைக் கேட்பதற்குச் சான்று வேண்டும்; அச்சான்று வீட்டு வாசலில் நாம் சொல்லும் ஒரு சொல்லே.

ஊரில் தெலுங்கு பேசுகிறோம், பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள் என்பதால், அந்தக் கேள்விக்குப் பலர் தயங்கியே விடை சொல்கின்றனர். தெலுங்கு நம் அண்டை வீட்டு மொழி, அன்புக்குரிய மொழி. அதைக் கற்பதும் பேசுவதும் நமக்குப் பெருமையே. அதற்காக வீட்டு மொழியை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நவாபுகள் காலத்தில் எவரும் கேட்காமல் கிராமங்கள் கைமாறின. கேட்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். தாமலச்செருவு வழியாக அடுத்த முறை செல்லும்போது, மாம்பழக் கூடைகளுக்கு அப்பால் தெரியும் அந்தக் கணவாயைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கீழூரில் 178 பேர் வாக்களித்த கதையையும் சேர்த்துச் சொல்வோம். கணக்கெடுப்பு அலுவலர் வாசலில் நிற்கும் நாளில், வீட்டில் பேசும் மொழி எதுவோ அதையே தயங்காமல் சொல்வோம்.